அப்டன் பார்க்கின் இரண்டு சக்கரவர்த்திகள்

என் அண்ணன்மார் இருவரும் லண்டன் அப்டன் பார்க்கில் ஒரே மீன்கடையை ஆண்ட சக்கரவர்த்திகள். மூத்தவர் றெஜினோல்ட், இளையவர் சூசைநாதன். பெரியண்ணை ஒருநாள் திடீரென்று மீன் ஏற்றும் வானும் ஓட்டமாட்டேன், மீனும் வெட்டமாட்டேன் என்று கதிரையில் குந்திவிட்டார். "நான் என்ன இவருக்கு ட்ரைவரோ?" என்று சின்னண்ணை கடையை விட்டே போனார். அதோடு பேச்சும் நின்றது.

இரண்டு வருடம் பொறுத்தேன். 1991 அந்தோனியார் திருநாளுக்குக் கோயில் மண்டபத்தில் நாட்டுக்கூத்து என்றதும், கூத்துப் பழக்கும் அண்ணாவியாரைப் பிடித்து இருவரையும் அதில் சேர்த்துவிட்டேன். கூத்தில், கிரேக்க நாட்டுக் கிழட்டு ராசா இரண்டு மகன்மாருக்கும் ஒன்றாக முடிசூட்டுகிறான். தம்பி அண்ணனின் கண்ணைச் சுட்டுவிட்டுத் தனியே ஆளுகிறான். கண் இழந்தவன் அரசாளக்கூடாது என்பது அந்த நாட்டு வழக்கமாம். கதை எப்படியும் போகட்டும், மேடையிலாவது இவர்கள் முகம் பார்த்துப் பேசினால் போதும் என்றிருந்தது எனக்கு. வீம்பைப் பாருங்கள், ஒத்திகைக்குக்கூட ஒருவர் சனிக்கிழமை வந்தார், மற்றவர் ஞாயிற்றுக்கிழமை வந்தார்.

திருநாளன்று பெரியண்ணை, மனைவி லூர்தம்மாவின் கையைக் கோத்துக்கொண்டு புதுமாப்பிள்ளை மாதிரி வந்தார். இந்த வயதில் இது வேறா என்று எனக்கு எரிச்சல். மச்சாள் அவரை மேடைப் படிவரை கொண்டுபோய் விட்டுவிட்டு, முன்வரிசையில் எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தாள்.

கண் சுடும் கட்டம் வந்தது. சின்னண்ணை கம்பியோடு ஆடி வந்தார். எங்கள் வீட்டுத் திரைச்சீலைக் கம்பிதான், நுனியில் சிவப்புப் பெயின்ற். கம்பி கிட்ட வந்ததும் முகத்தைத் திருப்பச் சொல்லியிருந்தார் அண்ணாவியார். பெரியண்ணை திருப்பவில்லை. சின்னண்ணைக்கு ஆத்திரம். வேண்டுமென்றே இமை மயிரில் முட்டுமளவுக்குக் கம்பியை நீட்டினார். பெரியண்ணை கண் இமைக்கவில்லை. கம்பி இடப்பக்கம் போனது, வலப்பக்கம் போனது. அந்தக் கண்கள் அசையவே இல்லை.

என்ன நடிப்பு என்று சனம் கைதட்டியது. லூர்தம்மா என் முழங்காலை இறுக்கிப் பிடித்தாள்.

"டொலறஸ், அவருக்குக் கண் தெரியாது."

"என்ன சொல்லுறியள் மச்சாள்?"

"வான் ஓட்டுறதை விட்ட நாளிலை இருந்து தெரியாது. தம்பிக்குத் தெரிஞ்சா, கண் தெரியாதவருக்குக் கடை எதுக்கு எண்டு கேப்பான் எண்டு ஒருத்தருக்கும் சொல்ல விடேல்லை."

எழும்பப் பார்த்தேன், மச்சாள் விடவில்லை.

மத்தளம் அதே தாளத்தைத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தது. சின்னண்ணை கம்பியைத் தாழ்த்தினார்.

"அண்ணை," என்றார். முன்வரிசைக்கு மட்டும் கேட்டது. "என்னைத் தெரியேல்லையோ?"

பெரியண்ணை குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"பாட்டைப் பாடு, சூசை. சனம் பாத்துக்கொண்டிருக்கு."

'இனி நானே சக்கரவர்த்தி' என்று தொடங்கும் வெற்றிப் பாட்டு அது. சின்னண்ணை வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை.