கை தூக்கினால் நிறுத்த வேண்டும்

"வாசல் தொறந்துதான கீது? எழுந்து போவ வேண்டியதுதான? இன்னாத்துக்கு ஒக்காந்துகினு சிரிக்குதுங்க?" என்று ஜூடி கேட்டாள்.

அம்புரோஸ் பாப்கார்னை அவள் பக்கம் நீட்டினான். "எழுந்து போய்ட்டா படம் முடிஞ்சிடும்மே. குடுத்த காசுக்குப் பயப்படு."

"பயமா? கலீஜா கீதுயா. ஒரு கிண்ணத்துல இன்னாத்தையோ கலக்கி அம்மாம் பேரும் குடிக்குதுங்க."

"அத்த வுடு. ஒருத்தன்கூட கை தூக்கல பாரு. நான் கிரேன் ஓட்டும்போது சிக்னல்காரன் கைய மட்டுந்தான் பாப்பேன். ஆனா நிறுத்துன்னு யார் கை தூக்குனாலும் நிறுத்திடணும். டீ எத்துனு வர்றவன் தூக்குனாலும் சரி. அதான் ரூல்."

"நான் தூக்குனா?"

"நீ தூக்குனா கிரேன வுட்டு எறங்கியே வந்துடுவேன்."

கல்யாணமான மூன்றாம் மாதம், ஒரு பேய்ப்படத்தின் நடுவில் பேசிக்கொண்டது. ஆறு வருடம் கழித்து, திருவொற்றியூரில் ஒரு பழைய கிடங்குக்குள் வெள்ளைச் சேலை கட்டி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தபோது, ஜூடிக்கு அது ஒரு சொல் விடாமல் நினைவுக்கு வந்தது.

அந்தப் படத்தில் காடும் முகமூடியும் தீப்பந்தமும் இருந்தன. இங்கே டியூப்லைட், வாடகை நாற்காலி, பின்னால் அண்டாவில் சாம்பார் சாதம். மற்றதெல்லாம் அப்படியேதான். முக்கியமாக அந்தச் சிரிப்பு. மேடையில், இந்தக் கூட்டத்தை நடத்தும் பெரியவர் ஒரு கேள்வி கேட்பார். எண்பது பேரும் ஒரே பதிலைச் சொல்லிவிட்டு ஒரே மாதிரி சிரிப்பார்கள். ஷட்டர் முழுசாகத் திறந்திருந்தது. லாரிகள் போவது தெரிந்தது.

அம்புரோஸை இங்கே அழைத்து வந்தவளே அவள்தான். இரண்டு வருடத்துக்கு முன் கன்டெய்னர் யார்டில் அவன் தூக்கிய சுமை சங்கிலி அறுந்து விழுந்து, அவனுடைய தோஸ்து செல்வம் செத்துப்போனான். சங்கிலிதான் காரணம் என்று விசாரணையில் சொல்லிவிட்டார்கள். அம்புரோசுக்குத் தூக்கம்தான் திரும்பவில்லை. "மூச்சுப் பயிற்சி சொல்லித் தராங்களாம், ஒரு வாட்டி வாயேன்" என்று ஜூடி கெஞ்சினாள். பெரியவர் அவனைக் கட்டிக்கொண்டு, செல்வம் உன்னை மன்னித்துவிட்டான் என்றார். அன்று மத்தியானம் அவன் நாலு மணி நேரம் தூங்கினான். ஜூடி ராயபுரம் மாதா கெபியில் மெழுகுவர்த்தி ஏற்றினாள். அதை நினைத்தால் இப்போது அவளுக்கே அவள்மேல் அருவருப்பாக இருந்தது.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. மாமியார் வீட்டுச் சாப்பாடு கூடாது. மாதா கோயில் திருவிழா கூடாது. வாரா வாரம் எழுந்து நின்று மனசில் நினைத்ததையெல்லாம் சொல்ல வேண்டும், படுக்கையில் பேசியது உட்பட. இங்கே வர வேண்டாம் என்று அவள் அழுததை அம்புரோஸ் ஒரு நாள் எழுந்து சொன்னான். எண்பது பேரும் சிரித்தார்கள். "அழுறது இவ இல்ல. இவளுக்குள்ள பூந்தது" என்றார் பெரியவர். அதற்கப்புறம் ஜூடி அவனிடம் எதையும் கேட்கவில்லை. கேட்டால் மொத்தமாகப் பிரித்துவிடுவார்கள். தவிர, கூட்டி வந்தவள் எந்த வாயால் கேட்பாள்?

இன்று அவன் பெரியவரின் எண்ணூர் இல்லத்துக்குப் போகிற நாள். அங்கே போனவர்கள் வேலையை விட்டுவிட்டு அங்கேயே இருந்துவிடுவார்கள். வீடு திரும்பிய ஒருவரையும் அவள் பார்த்ததில்லை. மனைவி சம்மதித்தால்தான் போக முடியும். சம்மதத்தை அவள் குடித்துக் காட்ட வேண்டும்.

பெரிய வியாழனன்று மாதா கோயிலில் சாமியார் மீன்காரர்களின் கால்களைக் கழுவுவதைப் பார்த்து வளர்ந்தவள் ஜூடி. இங்கே பெரியவர் சோபாவில் சாய்ந்து தாம்பாளத்தில் காலை நீட்டினார். குதிகால் வெடிப்புகளில் கறுப்பாக அழுக்கு. பெருவிரல் நகம் மஞ்சளாகத் தடித்து வளைந்திருந்தது. நாற்பது டன் பெட்டியை முட்டை மாதிரி இறக்கி வைக்கிற அம்புரோஸின் கை, அந்த விரலிடுக்குகளை ஒவ்வொன்றாகத் தேய்த்தது. கலங்கிய தண்ணீரைப் பேப்பர் கப்புகளில் மொண்டான்.

பக்கத்து நாற்காலி நர்மதா ஒரே மடக்கில் குடித்துவிட்டு வாயைத் துடைத்தாள். "பன்னீர் மாதிரி கீதுக்கா. மூக்க மட்டும் புடிச்சிக்கோ, ஒன்னியும் தெரியாது."

அம்புரோஸ் தட்டோடு ஜூடியை நோக்கி வந்தான். அவளுக்கான கப்பில் தோல் துணுக்கு ஒன்று வெள்ளையாக மிதந்தது. நிமிர்ந்து பார்த்தாள். அவனும் சிரித்துக்கொண்டிருந்தான், அந்த எண்பது பேரின் சிரிப்பை.

ஜூடி எழுந்து நின்று, உள்ளங்கை தெரியக் கையைத் தூக்கினாள்.

அம்புரோஸ் எடுத்த அடியை வைக்காமல் அப்படியே நின்றுவிட்டான். தட்டிலிருந்த கப்புகளில் தண்ணீர் தளும்பியது. முகத்தில் சிரிப்பு பாதியில் அறுந்திருந்தது.

"ஜூடிம்மா, கைய எறக்கு" என்றார் பெரியவர், அன்பாக. "பேச வர்றது நீ இல்ல."

"நாந்தான்" என்றாள் ஜூடி. அவரைப் பார்க்கவில்லை. "உன்ன இங்க இட்டாந்ததும் நாந்தான்யா. கேக்கறதும் நாந்தான். அத்தக் கீழ வெச்சிட்டு வூட்டுக்கு வா."