ஒரே கேட்டுக்குப் போன வழிச்செலவு

கணக்கில் பொய் எழுதி மாட்டிக்கொண்டவர்கள் உலகத்தில் ஏராளம். உண்மையை எழுதி மாட்டிக்கொண்டவர், தெரிந்தவரை, நம் மீட்டர்காரர் ஒருவர்தான்.

ஆலைகளில் கொதிகலன்மேல் வட்ட வட்டமாக மாட்டியிருக்கும் அழுத்தமானிகளைச் சோதித்துத் திருத்துவது அவர் தொழில். ஒரு காகித ஆலையில் ஏழு வருடமாக அதைச் செய்கிறார். ஆனால் ஆலையின் ஆள் இல்லை, காண்ட்ராக்டர். மாதம் முடிந்தால் சம்பளம் வராது. இவர் பில் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். சேர்ந்த அன்றைக்கு மேலாளர், "ஒரு ஆறு மாசம் பாருங்க, பர்மனென்ட் பண்ணிடலாம்" என்றார். அந்த ஆறு மாதம்தான் இன்னும் முடியவில்லை. பர்மனென்ட் என்றால் விடுப்பு உண்டு, மருத்துவச் செலவு உண்டு, கடைசிக் காலத்தில் ஓய்வூதியம் உண்டு. நாற்பத்தெட்டு வயதில் ஒரு மனிதர் இதைவிட வேறென்ன ஆசைப்படுவார்?

காண்ட்ராக்டருக்கு இருக்கும் ஒரே ஆறுதல், தொழிலுக்கு ஆன செலவைக் கழித்துவிட்டு மிச்சத்துக்கு வரி கட்டினால் போதும் என்பது. யாரோ சொன்னார்கள் என்று இவரும் பைக்குக்குப் போட்ட பெட்ரோலைத் தொழில் செலவில் எழுதினார். எழுதியது அளவு பார்த்தே பிழைக்கிற கை. வீட்டு வாசலில் எத்தனை கிலோமீட்டர், ஆலை கேட்டில் எத்தனை என்று புள்ளி வைத்து எழுதி, வருடத்துக்கு ஒரு நோட்டாக ஏழு நோட்டு சேர்த்துவிட்டார். வேறு ஒருவர் என்றால் இன்றைக்கு இந்த ஆலை, நாளைக்கு அந்தப் பட்டறை என்று அடித்துவிட்டிருப்பார். இவர் நோட்டில் இருந்தது வீடும் ஆலையும் மட்டும்தான்.

வரி அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். நோட்டுகளைப் புரட்டிய அதிகாரி அம்மாவுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது.

"பல இடத்துக்குப் போய் வேலை பார்த்தா அது தொழில் செலவு. தினமும் ஒரே இடத்துக்குப் போனா, அது எல்லாரையும் போல வேலைக்குப் போறது. அந்தச் செலவு உங்க சொந்தச் செலவு. வேற எங்கயாவது வேலை எடுத்தீங்களா?"

"எடுக்க விட மாட்டாங்க மேடம்."

அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். "கருவியெல்லாம் யாரோடது?"

"ஆலையோடது."

"உடம்பு சரியில்லன்னா உங்களுக்குப் பதிலா வேற ஆளை அனுப்புவீங்களா?"

"அனுப்பினா கேட்டுலயே நிறுத்திடுவாங்க. லீவு வேணும்னா முதல் நாளே மேலாளர்கிட்ட கேக்கணும்."

"ஒப்பந்தம் எங்க?"

அவர் எடுத்துக் கொடுத்த காகிதத்தின் காலம் ஐந்து வருடத்துக்கு முன்பே முடிந்திருந்தது. அதன்பிறகு யாரும் புதுப்பிக்கவில்லை. வந்துகொண்டிருங்கள் என்றார்கள், வந்துகொண்டிருந்தார்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "நீங்க காண்ட்ராக்டரே இல்லங்க. அங்க வேலை பார்க்கிற ஆள். பேருக்குத்தான் காண்ட்ராக்ட். பெட்ரோல் செலவை நான் ஒத்துக்க முடியாது."

மீட்டர்காரர் இருக்கையின் நுனிக்கு வந்தார். "மேடம், இப்ப சொன்னதை அப்படியே எழுதித் தருவீங்களா?"

எழுதாதீர்கள் என்று கெஞ்சுகிறவர்களையே பார்த்துப் பழகிய அதிகாரிக்கு ஒன்றும் புரியவில்லை. எழுதிக் கொடுத்தார்.

அன்று மாலை மீட்டர்காரர் இனிப்புப் பொட்டலத்தோடு வீட்டுக்குப் போனார். மனைவி உத்தரவைப் படித்தார். கட்டவேண்டிய பாக்கி கடைசி வரியில் இருந்தது. பெண்கள் கடைசி வரியைத்தான் முதலில் படிப்பார்கள்.

"தண்டம் கட்டச் சொன்னதுக்கு இனிப்பு வாங்கிட்டு வந்த ஆளை நான் இப்பத்தான் பார்க்கிறேன்."

"அதை விடு. மேல படி. நான் அந்த ஆலையோட ஆளுன்னு அரசாங்கமே எழுதியிருக்கு. இதைக் கொண்டுபோய் மேலாளர்கிட்ட காட்டப்போறேன்."

"சும்மா இருக்கிற சங்கை ஊதிக் கெடுக்காதீங்க. இருக்கிற வேலையும் போயிடும். பொண்ணுக்கு இன்னும் ரெண்டு வருஷம் படிப்பு இருக்கு, ஞாபகம் இருக்கட்டும்."

அவர் ஊதத்தான் ஊதினார். மறுநாள் மேலாளர் உத்தரவை இரண்டு முறை படித்தார். பிறகு ஏழு வருடத்தில் முதல் தடவையாக, "உக்காருங்க" என்றார். அந்த ஒரு வார்த்தையிலேயே காரியம் பெரியது என்று மீட்டர்காரருக்குத் தெரிந்துபோயிற்று.

"வாரத்துக்கு ஒரு நாள், ரெண்டு நாள்தானே வந்தீங்க? தினமும் வந்ததா யார் சொன்னது?"

"ஏழு நோட்டு இருக்கு சார். அதிகாரி ஒவ்வொரு பக்கத்துலயும் முத்திரை குத்தி, நகல் எடுத்து வச்சிருக்காங்க."

மேலாளரின் முகத்தில் ஈ ஆடவில்லை. தினமும் வந்த ஆள் என்று ஆகிவிட்டால் ஏழு வருடத்துப் பாக்கியெல்லாம் ஆலையின் தலையில் விழும். இரண்டு நாள் தலைமை அலுவலகத்தோடு பேசினார். மூன்றாம் நாள் தேன் வழியும் குரலில் கூப்பிட்டு ஒரு காகிதத்தை நீட்டினார். "இதுல ஒரு கையெழுத்துப் போதும். வேலை எப்பவும் போல இருக்கும். உங்க வரிப் பாக்கியை ஆலையே கட்டிடும். இனிமே பெட்ரோலுக்கும் மாசாமாசம் தனியா குடுத்துடுவோம். வீட்டுல கேட்டுட்டு நாளைக்கு வாங்க."

பெட்ரோல் கேட்டவருக்குப் பெட்ரோல். பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரிதான் இருந்தது. ஆனால் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவருக்கு அது இனிக்கவில்லை. மனைவி கையெழுத்துப் போடத்தான் சொல்வாள், அவள் சொல்வதும் நியாயம், நாளையோடு ஆசை முடிந்தது என்று நினைத்துக்கொண்டே வந்தார்.

மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து காகிதத்தை வாங்கினார். இந்தத் தடவை முதல் வரியிலேயே நின்றுவிட்டார்.

"'எனது சொந்த விருப்பத்தின் பேரில், எனக்கு வசதியான நாட்களில் மட்டும் வந்துபோகும் சுயதொழில் செய்பவன் நான்.' யார் எழுதினது இது?"

"தலைமை அலுவலகத்துல."

"எங்க அம்மா செத்த அன்னிக்கு நீங்க லீவு கேட்டீங்க. அரை நாள்தான்னு சொன்னாங்க. அம்மாவை எடுக்கிறதுக்கு முன்னாடியே ஆலைக்குக் கிளம்பிப் போனீங்க. என் அண்ணன் இன்னிக்கு வரைக்கும் அதைச் சொல்லிக் காட்டுறான். அது உங்களுக்கு வசதியான நாளா?"

அந்த அரை நாளைப் பற்றி இருவரும் நான்கு வருடமாகப் பேசியதில்லை. மனைவி காகிதத்தை அவர் கையில் திணித்தார்.

"உங்க விருப்பத்துல போனீங்கன்னு இதுல எழுதியிருக்கு. அப்படி எழுதின காகிதத்துல நீங்க கையெழுத்துப் போட்டா, என்னால உங்க முகத்தைப் பார்க்க முடியாது. பொண்ணு படிப்பை எப்படியாவது பார்த்துக்கலாம்."

மறுநாள் காலை அவர் காகிதத்தை மடிக்காமல் கொண்டுபோய் மேலாளர் மேசையில் வைத்தார். மேலாளர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கையெழுத்தைக் காணோமே?"

"போடல சார். அதுல இருக்கிறது உண்மை இல்ல."

மேலாளரின் குரலில் இருந்த தேன் வற்றிவிட்டது. "அப்ப நாளையில இருந்து வர வேண்டாம்னு சொல்ல வேண்டியிருக்கும். யோசிச்சுக்குங்க."

மீட்டர்காரர் பயந்தார், நன்றாகவே பயந்தார். ஆனால் அளவுக் கருவியோடு வாழ்ந்தவருக்கு எந்த முள் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பயத்திலும் தெரியும்.

"சொல்லுங்க சார். ஆனா வாயால வேண்டாம், எழுத்துல குடுங்க. ஏழு வருஷமா வேலை பார்த்த இன்னாரை இன்னிக்கு வேலைய விட்டு நிறுத்தறோம்னு எழுதுங்க. காண்ட்ராக்ட்தான் அஞ்சு வருஷத்துக்கு முன்னாடியே முடிஞ்சிடுச்சே, அதை எப்படி நிறுத்துவீங்க?"

மேலாளர் பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். ஒரு வெள்ளைத் தாளை முன்னால் இழுத்துத் தேதியைப் போட்டார். அதற்குமேல் என்ன எழுதினாலும், இவர் ஆலையின் ஆள் என்று தன் கையாலேயே எழுதியதாகிவிடும். பேனா தாளுக்கு மேலேயே நின்றது.

மீட்டர்காரர் அவசரப்படவில்லை. யாரும் சொல்லாமலே நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"எழுதுங்க சார்," என்றார். "வாங்கிட்டுத்தான் போவேன்."