ஏழாவது வேகன்

"ஏழாவது தப்பா நிக்குது" என்றார் கொரோன்வி.

இதெல் நிமிர்ந்து பார்த்தான். மறுநாள் காலை தேவாலயத்தின் பின்னறையில் கண்காட்சி. வீட்டு மேஜை மீது சரிவாகப் பதித்த தண்டவாளத்தில், கூரைக்குப் போடும் ஸ்லேட் கல் ஏற்றிய பன்னிரண்டு மாதிரி வேகன்கள், ஒவ்வொன்றும் தீப்பெட்டி அளவு. மூன்று குளிர்காலத்து வேலை. எல்லாவற்றிலும் நிஜ ஸ்லேட்டை நகத்தளவு துண்டுகளாய்ச் செதுக்கிச் செங்குத்தாக அடுக்கியிருந்தான்.

"வந்ததும் வராததுமா குறை சொல்றீங்களே! முதல்ல டீயைக் குடிங்க" என்றாள் அவன் மனைவி நெஸ்டா.

கொரோன்விக்கு எழுபத்தெட்டு வயது. மலைமேல் இருந்த ஸ்லேட் குவாரி மூடும்வரை அங்கே வேகன்களை ஒன்றோடொன்று கோத்து அனுப்பியவர். அவர் கோத்து அனுப்பிய ரயில் ஒன்றில்தான் இதெலின் அப்பா செத்தார்.

அந்த ரயிலுக்கு இன்ஜின் கிடையாது. பாரம் ஏற்றிவிட்டால் மலைச் சரிவே துறைமுகம் வரை இழுத்துப் போகும். ஓடும் வேகன்கள் மேல் தாவித் தாவி, இடது பக்கம் குனிந்து பிரேக் கம்பிகளை அழுத்துவது அப்பாவின் வேலை. நாற்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு மார்ச் காலையில் ரயில் வளைவில் கவிழ்ந்தது. அவர் உடம்பு அந்த வளைவுக்கு அரை மைல் மேலேயே கிடந்தது. தூங்கி விழுந்துவிட்டார் என்று விசாரணையில் எழுதிவிட்டார்கள். பள்ளியில் இதெலுக்குப் பெயரே தூங்குமூஞ்சி.

அன்று ரயில் கிளம்புவதற்கு முன் இடது பக்கத்திலிருந்து எடுத்த போட்டோவைப் பார்த்துத்தான் ரயிலைச் செய்தான். அதில் ஏழாவது வேகனில் மட்டும் கம்பி தெரியவில்லை. இந்த ஊரில் எந்த வேகனுக்கும் கம்பி இடது பக்கம்தான் நிற்கும். படம் மங்கியிருக்கிறது என்று நினைத்து அதற்கும் இடது பக்கமே ஒரு கம்பியை ஒட்டிவிட்டான்.

கொரோன்வி அந்த வேகனை இரண்டு விரலால் தூக்கி, திருப்பி வைத்தார். கம்பி வலது பக்கம் போனது.

"இப்படித்தான் நின்னுச்சு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கோத்தவன் நான்ப்பா. அன்னைக்குப் பனி, கையெல்லாம் மரத்துப் போச்சு. மறுபடி திருப்பணும்னா எல்லாத்தையும் கழட்டணும். ஒண்ணுதானேன்னு விட்டுட்டேன்."

"அப்பாகிட்ட சொன்னீங்களா?"

"இல்ல."

"விசாரணையில?"

"யாரும் கேக்கல. நானும் சொல்லல."

நெஸ்டா ஊற்றிய டீ ஆறிக்கொண்டிருந்தது. கொரோன்வி தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

"என்னங்க, அவரை இப்படியே விட்டுடுவீங்களா?" என்றாள் நெஸ்டா.

இதெல் சட்டைப்பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்தான். அதற்குள் அப்பா இருந்தார், விரல்நுனி உயரத்தில், மண்ணில் செய்தது. அவரைப் படுக்க வைப்பதா, குனிய வைப்பதா என்று மூன்று வருஷம் யோசித்து, இடது கையை நீட்டிக் குனிந்தபடி செய்திருந்தான். இதுவரை ரயிலில் ஏற்றியதில்லை.

ஏழாவது வேகன் மேல் பசை தொட்டு நிறுத்தினான். முன் வேகனைத் தடுத்து வைத்திருந்த ஆப்பை உருவினான்.

ரயில் தானாக இறங்கத் தொடங்கியது. நீட்டிய அந்த இடது கைக்குக் கீழே ஒன்றுமே இல்லை.