ஜூன் பதினைந்தில் மனுவேலின் படகு

எங்கள் தெருவில் யாரும் பஞ்சாங்கம் பார்ப்பதில்லை. பார்த்தால் மாதா கோயில் பங்குச்சாமி திட்டுவார். அதற்காக நாள் பார்க்காமல் ஒரு காரியத்தைத் தொடங்கிவிட முடியுமா? ஆகவே நாங்கள் ஹில்டாவிடம் போய்ச் சரித்திரம் பார்ப்போம். சரித்திரம் பார்ப்பது பாவம் என்று இதுவரை எந்தச் சாமியாரும் பிரசங்கம் வைத்ததில்லை.

ஹில்டா ஒரு கப்பல் ஏஜென்சியில் முப்பத்தொரு வருடம் கிளார்க்காக இருந்தவள். வெளிநாட்டுக் கம்பெனிகள் புது வருடத்துக்கு அனுப்பும் டைரிகளில், பக்கத்துக்குப் பக்கம் அடியில், அன்றைய தேதியில் உலகத்தில் என்னென்ன நடந்தது என்று இரண்டு வரி போட்டிருக்கும். மற்றவர்கள் அந்த டைரியைச் சமையல் குறிப்பு எழுத வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். ஹில்டா அடிவரிகளைப் படித்தாள். போதாதென்று நூலகத்தில் உட்கார்ந்து தேடினாள். கடைசியில் முந்நூற்று அறுபத்தாறு பக்கத்தில் சொந்தமாக ஒரு நோட்டே எழுதிவிட்டாள். தேதிக்கு ஒரு பக்கம். பிப்ரவரி இருபத்தொன்பதுக்கும் உண்டு.

அவள் டைபாய்டில் படுத்திருந்த ஒன்பது நாளும் உலகத்தில் எங்கேயும் எதுவும் நடக்கவில்லை. நான் பேப்பர் பார்த்து உறுதிசெய்துகொண்டேன். ஒருமுறை பனாமா கொடி கட்டிய கப்பலின் கேப்டன் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டுவிட்டு, உள்ளே வரலாமா என்று ஹில்டாவைக் கேட்டுவர ஆள் அனுப்பினார். அன்று ஏப்ரல் பதினைந்து, டைட்டானிக் முழுகிய நாள். கேப்டன் மறுநாள்தான் வந்தார். அரசாங்கமும் மீன்பிடித் தடைக்காலத்தை அதே ஏப்ரல் பதினைந்தில்தான் தொடங்குகிறது. அதை யாரைக் கேட்டு வைத்தார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் தெரு ரெக்சனின் மனைவி ஜெஸ்லினுக்குப் பிரசவ ஆபரேஷன் தேதி குறித்ததும் ஹில்டாதான். டிசம்பர் இருபத்திரண்டு, கணித மேதை ராமானுஜன் பிறந்த நாள். பிள்ளை வெளியே வந்ததும் தன் விரல்களை ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொண்டு, சரியாக இருந்த பிறகுதான் அழுதது. அதே தேதியில்தான் தனுஷ்கோடியில் புயல் ரயிலை வாரிக்கொண்டு போனது என்பதையும் ஹில்டா சொல்லாமல் விடவில்லை. அதனால் பிள்ளையை இன்றுவரை ரயிலில் ஏற்றாமல் வளர்க்கிறார்கள். ஹில்டாவின் பழக்கம் அப்படி. ஒரு பக்கத்தை எடுத்தால் மேலிருந்து கீழே வரை படிப்பாள். நடுவில் எதையும் தாண்ட மாட்டாள்.

இனி மனுவேல் விஷயத்துக்கு வருகிறேன். மனுவேல் இருபத்திரண்டு வருடம் அடுத்தவர் படகில் வலை இழுத்தவன். இந்தத் தடைக்காலத்தில்தான் சொந்தமாக ஒரு விசைப்படகு கட்டி முடித்தான். சாமியார் வந்து மந்திரித்துத் தண்ணீர் தெளித்தாயிற்று. ஜூன் பதினான்கோடு தடை முடிகிறது, பதினைந்து காலை ஐந்து மணிக்குக் கடலுக்குப் போக வேண்டும். படகு ஓட்டும் டிரைவர் ரெக்சன். அவனோடு ஆறு பேர்.

எங்கள் துறையில் ஒரு வழக்கம் உண்டு. தடை முடிவதற்கு முந்தின நாள் சாயங்காலம் எவன் எந்தப் படகில் தன் பையை வைக்கிறானோ, அவன் அடுத்த தடைக்காலம் வரை அந்தப் படகுக்காரன். பை ஏறவில்லை என்றால் அந்த வருடம் ஆள் இல்லை. ஆள் இல்லாத படகு வெறும் பெயின்ட் அடித்த மரம். ஆனால் ரெக்சன், "புதுப் படகு, ஹில்டாக்காகிட்ட கேட்ட பொறவுதான் பையை வைப்போம்" என்று சொல்லிவிட்டான். மூன்று படகுக்கு முதலாளியான கிருபாநிதிக்கு ஏற்கெனவே ஆள் பற்றாக்குறை. இந்தச் செய்தி காதில் விழுந்ததும் அவர் சவரம் செய்துகொண்டார்.

மனுவேலின் மனைவி பிலோமி மத்தியானமே அரைக் கிலோ மக்ரூன் இனிப்போடு ஹில்டா வீட்டுக்கு வந்தாள்.

"ஹில்டாக்கா, நாளைக்கு உள்ள பக்கத்துல என்ன எழுதியிருக்கு?"

"நல்லதும் இருக்கு, கெட்டதும் இருக்கு."

"பயலுவ வந்து கேட்டா நல்லதை மட்டும் படிங்கக்கா."

"ஏளா பிலோமி, கோயில்ல உன்னை வாசகம் படிக்கச் சொன்னா யூதாஸ் வார இடத்தை விட்டுட்டா படிப்பே?"

"அது வேதம்லாக்கா."

"இது நடந்ததுளா. நடந்ததை நடக்கலன்னு சொல்ல எனக்கு வாய் வராது. மக்ரூனை எடுத்துட்டுப் போ."

பிலோமி அதை எடுத்துக்கொண்டு போகவில்லை. ஹில்டாவும் அதைத் தொடவில்லை. ஆனாலும் மக்ரூன் தீர்ந்துபோயிற்று. நானும் அங்கேதான் இருந்தேன்.

நாலு மணிக்கு ஏழு பேரும் தோளில் பையோடு ஹில்டா வீட்டு முற்றத்துக்கு வந்தார்கள். மனுவேல் சுவரோரம் நின்றான். கிருபாநிதி வாசலில் பைக்கை நிறுத்தி அதன்மேல் உட்கார்ந்திருந்தார். காற்று வாங்க வந்தாராம்.

ஹில்டா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். "ஆயிரத்து இருநூத்திப் பதினஞ்சு. இங்கிலாந்து ராசா ஒரு ஆத்தங்கரையில வச்சு, ராசாவும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன்தான்னு முத்திரை போட்டுக் குடுத்தாரு."

"ராசா முத்திரை போட்டா நம்ம வலையில இறா விழுமாக்கா?" என்றான் ரெக்சன்.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்தொம்பது. ரெண்டு பேரு மொதமொதலா எங்கயும் நிக்காம அட்லாண்டிக் கடலைத் தாண்டிப் பறந்து அயர்லாந்துல எறங்குனாங்க. எறங்குன எடம் சதுப்பு. விமானம் மூக்கைக் குத்தி நின்னுச்சு. ஆளுக்கு ஒன்னுமில்ல."

"கடலைத் தாண்டிட்டாம்லா, அது போதும்" என்றான் மனுவேல். அவனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாலு. நியூயார்க்குல கோயில் சனங்க உல்லாசப் பயணம் போன கப்பல் தீப்பிடிச்சிருச்சு. ஆயிரம் பேருக்கு மேல செத்துட்டாங்க. மாட்டிக்கிட்ட மிதவை உடுப்பெல்லாம் மக்கிப்போன சரக்கு."

பைகள் ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாறின. "எங்கிட்ட எல்லாம் புதுசுடே" என்று மனுவேல் சொன்னதை யாரும் கேட்கவில்லை.

"ஆயிரத்து எண்ணூத்தித் தொண்ணூத்தாறு. ஜப்பான்ல சுனாமி. இருபத்திரண்டாயிரம் பேரு." ஹில்டா சிலுவை போட்டுக்கொண்டாள்.

ஏழு பேரும் போட்டுக்கொண்டார்கள். இரண்டாயிரத்து நாலில் இலங்கை குறுக்கே கிடந்ததால் தப்பியவர்கள் நாங்கள். அந்த வார்த்தைக்கு எங்கள் தெருவில் யாரும் சிரிப்பதில்லை.

ரெக்சன் மனுவேலின் முகத்தைப் பார்க்காமல், "அண்ணே, மன்னிச்சிருங்க" என்றான்.

கிருபாநிதி பைக்கிலிருந்து இறங்கினார். "வாங்கடே, எம் போட்டு இருக்குல்லா."

"ஏன் அண்ணாச்சி, உம்ம போட்டும் நாளைக்குத்தான கடலுக்குப் போவுது?" என்று கத்தினாள் பிலோமி.

"அது பழசும்மா. பழசுக்கு யாரு நாள் பாப்பாவ?"

அந்த நியாயத்தைக் கேட்டதும் வாசல் பக்கம் ஏழு பேரும் திரும்பினார்கள்.

"நில்லுங்கலே!" என்றாள் ஹில்டா. "பக்கம் இன்னும் முடியல. வாசகம் முடியுமுன்னே எந்திரிச்சிப் போறவன் எவம்லே?"

நின்றார்கள்.

"அந்த ஊருல ஆம்பளைக பாதிப் பேரு அன்னைக்கு மீன்பிடிக்கப் போயிருந்தாவ. அலை அவுக படகுக்கு அடியிலதான் போச்சு. ஆழத்துல அது அலையாவே தெரியல. ஒருத்தனுக்கும் ஒன்னும் ஆவல. காலையில மீனோட திரும்பி வந்து பாக்காவ, கரையில ஊரைக் காணோம்." நோட்டை மூடினாள். "இவ்வளவுதான் எழுதியிருக்கேன்."

ரெக்சன் விரல் மடக்கிக் கணக்குப் பார்த்தான். கணக்குப் பிள்ளையின் அப்பன் அல்லவா, ஒரு முடிவுக்கு வந்தான். "அப்பம் நாளைக்குக் கடலுக்குப் போறவன்தான் பொழைப்பான்."

ஹில்டா அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அரைமணி நேரத்தில் ஏழு பையும் மனுவேல் படகில் இருந்தன. கிருபாநிதி எட்டு வருடமாகக் கடலைக் கரையிலிருந்து மட்டும் பார்த்த முதலாளி. அன்று வீட்டுக்குப் போனதும் தன் பழைய பையைத் தேடினாராம்.

விடிகாலை நாலரைக்கு மீன்பிடித் துறைமுகத்தில் மனுவேல் ஏழு பேரை எதிர்பார்த்து நின்றான். முப்பத்தெட்டுப் பேர் வந்தார்கள். மனைவிமார், பிள்ளைகள், பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கிவந்த ஒரு மாமியார், இட்லித் தூக்குகள், ஒரு ஆடு. ரெக்சனின் நாலு வயதுப் பிள்ளை எல்லோரையும் எண்ணிப் பார்த்துவிட்டு, ஆட்டையும் சேர்த்தால் படகு தாங்காது என்றது.

"என்னடே இது?" என்றான் மனுவேல்.

"கரையில இருந்தவுகதானண்ணே போனாவ. பொண்டாட்டி புள்ளைய இங்கன விட்டுட்டு நாங்க மட்டும் போய்ப் பொழைக்கவா?"

கடலுக்குப் போக டோக்கன் கொடுக்கும் அதிகாரி வந்து, சீட்டில் பேர் உள்ள ஆட்கள்தான் போகலாம், ஆட்டுக்குச் சீட்டு இல்லை என்று மரியாதையாகச் சொன்னார். அவ்வளவுதான். ரெக்சன் படகில் ஏறித் தன் பையை எடுத்தான். பின்னாலேயே மற்ற ஆறு பையும் இறங்கின. சுற்றிலும் என்ஜின்கள் கிளம்பிக்கொண்டிருந்தன. மனுவேல் புதுப் படகில் தன்னந்தனியாக, சுக்கானைப் பிடித்தபடி நின்றான். அந்த முகத்தைப் பிலோமி பார்த்தாள். செருப்பை உதறிவிட்டு ஹில்டா வீட்டுக்கு ஓடினாள்.

ஹில்டா நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு வந்தாள். நோட்டு எடுத்துவரவில்லை. கூட்டத்தைப் பார்த்தாள், ஆட்டைப் பார்த்தாள்.

"நான் படிச்சதுல வந்த பயம். நாந்தான் பாக்கணும்" என்றாள். "ரெக்சா, இந்தச் சனம் பூரா இன்னைக்கு எம் வீட்டு மொட்டைமாடியில இருக்கும். ரெண்டு மாடிக்கு மேல, கான்கிரீட்டு. நீங்க திரும்பி வந்து கூட்டிட்டுப் போற வரைக்கும் ஒரு குஞ்சு கீழ எறங்காது."

"எறங்காதுன்னு சொல்லுதீயளா?"

"சொல்லுதேன்."

ரெக்சன் யோசித்தான். அரைக் கிலோ மக்ரூனுக்கும் ஒரு தேதியை மாற்றிச் சொல்லாதவள். அவள் வாயிலிருந்து வந்தால் அது நடந்த மாதிரிதான். பையைத் தூக்கிப் படகுக்குள் எறிந்தான். மற்ற ஆறு பையும் பின்னாலேயே போய் விழுந்தன. ஐந்து அடித்துப் பத்து நிமிடத்தில் படகு அலைதடுப்புச் சுவரைத் தாண்டியது.

அந்த நாளைப்போல ஒரு நாளை நான் பார்த்ததில்லை. மொட்டைமாடியில் வாடகைப் பந்தல். ஒரே ஒரு கழிப்பறை, வரிசை படிக்கட்டு வரை. ஹில்டா மணிக்கொருதரம் தலையை எண்ணினாள். உட்காரவே இல்லை. பத்தரைக்கு அந்த மாமியார் கீழே போய்த் தலைசாய்க்க வேண்டும் என்று அடம்பிடித்தார். ஹில்டா தன் கட்டிலையே கழற்றி மேலே கொண்டுவரச் செய்தாள். பன்னிரண்டு மணிக்கு ஆடு இறங்கப் பார்த்தது. ஹில்டா படியில் குறுக்கே நின்று ஒரு பார்வை பார்த்தாள். ஆடு திரும்பிப் போய்ப் பந்தலுக்குள் முழங்கால் போட்டது. வேண்டுமானால் பிலோமியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சிக்னல் இருக்கும் வரை படகிலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது.

"ஹில்டாக்கா, கரை இருக்கா?"

"இருக்குலே. வலையைப் பாரு."

எழுபத்துநாலு வருடமாக நான் பார்த்தது, பெண்கள் கரையில் நின்று கடலைப் பார்ப்பது. அன்று ஏழு ஆண்கள் கடலில் நின்று கரையைப் பார்த்திருக்கிறார்கள். வலையை இழுக்கும்போதுகூட முகம் மேற்கே இருந்ததாம். அப்படியும் இறால் விழுந்தது. மனுவேல் சொன்ன அளவை நான் பாதியாக்கிச் சொன்னாலும் நீங்கள் நம்ப மாட்டீர்கள். ஆகவே விட்டுவிடுகிறேன்.

பொழுது சாயும் நேரத்தில் படகு கரைக்கு வந்தது. ரெக்சன்தான் முதலில் மாடிக்கு ஓடிவந்தான். ஹில்டா படியின் உச்சியில் நின்றாள். கால் இரண்டும் வீங்கி, செருப்பு வார் சதைக்குள் பதிந்திருந்தது.

"முப்பத்தொன்னு. எண்ணிப் பாத்துக் கூட்டிட்டுப் போ" என்றாள்.

"நீங்க சொன்னா எதுக்குக்கா எண்ணணும்?" என்றான் ரெக்சன்.

அவன் பிள்ளை மட்டும் எண்ணியது.

எல்லோரும் இறங்கிப்போன பிறகு மனுவேல் ஈரச் சட்டையோடு மெதுவாகப் படியேறி வந்தான். பிலோமி அவன் கையைப் பார்த்தாள், தோளைப் பார்த்தாள், அப்புறம் அவன் முகத்தைப் பார்த்தாள்.

"பயலுவ பை?"

"படகுலதான் கெடக்கு. ஏழும்."