சாப்பிடாத சாப்பாடு

பிஸ்கட் டப்பாவை மேஜையில் கவிழ்த்துக் கணவர் எண்ணிக்கொண்டிருந்தார். குளித்துவிட்டு வந்தவள் கதவோரமே நின்றுவிட்டாள். எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது. அதுதான் அவருக்குப் பிடிபடவில்லை. வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்ப்பவர். மீட்டரோ மனைவியின் எடையோ, எண் கூடினால் எங்கோ செலவாகியிருக்க வேண்டும்.

"அப்ப வெளியில எங்கியோ சாப்பிடற," என்றார். குரலில் கோபம்கூட இல்லை.

ஏழு மாதமாக அவளுக்கு இரவுச் சாப்பாடு கிடையாது. கண்டக்டர் வேலைக்குக் கிளம்புமுன் ஒரு மணி நேர நடை. அப்படியும் ஒன்பது கிலோ ஏறியிருந்தது. கைகால் குச்சியாக, முகமும் வயிறும் மட்டும் ஊதிக்கொண்டே போயின. "அக்கா, நீங்க பின்னாடி போனா முன் சக்கரம் தூக்குது," என்பான் டிரைவர். பயணிகளோடு சேர்ந்து அவளும் சிரிப்பாள். சிரிக்காவிட்டால் வலிப்பது வெளியே தெரிந்துவிடும். போகப்போக அவளுக்கே சந்தேகம் தட்டியது. தூக்கத்தில் எழுந்து எதையாவது தின்கிறேனோ? ஒருநாள் விழித்ததும் பல்லிடுக்கை நாக்கால் துழாவிப் பார்த்தாள்.

டாக்டரிடம் போனது எடைக்காக அல்ல. பஸ் சீட்டில் இடித்துத் தொடையில் கன்றிய இடம் மூன்று வாரமாகியும் மறையவில்லை. அந்த அம்மா காயத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சட்டையைச் சற்று உயர்த்தச் சொன்னார். வயிற்றில் ஊதா நிறத்தில் அகலமான கோடுகள்.

"இது எப்போலருந்து இருக்கு?"

"குண்டானதால வந்துச்சுன்னு நெனச்சேன், டாக்டர்."

ரத்தம், சிறுநீர், ஸ்கேன் என்று மூன்று வாரம் ஓடியது. முடிவு கேட்கக் கணவரும் கூட வந்தார்.

"மூளைக்கு அடியில இருக்கிற சுரப்பியில ஒரு சின்னக் கட்டி. பட்டாணி அளவுகூட இல்ல. புற்றுநோய் இல்ல, பயப்படாதீங்க. ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம். அந்தக் கட்டியாலதான் ஒரு ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரக்குது. இவங்க பட்டினியே கெடந்தாலும் எடை இறங்கறது கஷ்டம்."

கணவரின் முகம் வெளிறிவிட்டது. கட்டி என்ற சொல்லுக்கு அவளும்தான் பயந்திருக்க வேண்டும். ஆனால் நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கிப் போனது. கண்ணில் நீர் முட்ட, நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள்.

"டாக்டர், கடைசியா சொன்னதை மட்டும் இன்னொரு தடவை சொல்லுங்க. இவருக்குக் கேக்கிற மாதிரி."

டாக்டர் அவரை நேராகப் பார்த்துச் சொன்னார்: "இவங்க சாப்பாட்டு மேல தப்பே இல்லங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

வெளியே வந்தபின் மருத்துவமனை கேன்டீன் வாசலில் அவர் நின்றார்.

"ஏதாவது சாப்பிடறியா?"

ஏழு மாதத்தில் அப்படி ஒரு கேள்வி அவள் காதில் விழுந்ததில்லை. "பசி உயிரே போகுதுங்க," என்றாள்.

ஜன்னலோர மேஜையில், நாலு பேர் பார்க்க, வெண்ணெய் தடவிய ரொட்டியை அவசரமில்லாமல் மென்றாள். முகவாயில் துணுக்கு ஒட்டியிருந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. எதிரே அவர் தன் ரொட்டியை இரண்டாகப் பிய்த்தார். சின்னதாகத் தோன்றியதைத் தன் பக்கம் வைத்துக்கொண்டு, மற்றதை அவள் தட்டின் ஓரத்துக்கு மெல்ல நகர்த்தினார்.