வெயில் பட்ட ஒயின்

அடிக்கப் போகிறார் என்றால் சந்திரசேகர் முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைப்பார். கோபத்தில் கண்மண் தெரியாமல் கை நீட்டுகிற ஆள் இல்லை அவர். வாரைத் தளர்த்தி, கடிகாரத்தைக் கீறல் படாத இடமாகப் பார்த்து மல்லாக்க வைத்து, சட்டைக் கையை மடித்துவிட்டு, அப்புறம்தான் அடி. ஏற்காட்டு மலையில் வெள்ளக்கடை கிராமத்துக்கு மேலே இருந்த அவருடைய காப்பி எஸ்டேட்டில் அந்தக் கடிகாரம் கழன்றால் மழைக்கு ஒதுங்குகிற மாதிரி எல்லோரும் ஒதுங்கிவிடுவார்கள். ஒதுங்க இடமில்லாதவன் வாங்கிக் கட்டிக்கொள்வான்.

போன வருஷம் வாங்கிக் கட்டிக்கொண்டவன் மாதேஷ். வாழவந்திக்காரன், அப்போது ஜீப் டிரைவர். வண்டியில் எங்கேயோ ஒரு கீறல் விழுந்துவிட்டது. சந்திரசேகர் கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, கதவிடுக்கில் கையை வை என்றார். முதலாளி விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்து மாதேஷ் சிரித்துக்கொண்டே வைத்தான். கதவு சாத்தியது. இப்போது அவன் ஏரிக்கரையில் மக்காச்சோளம் சுட்டு விற்கிறான், விசிறுவது இடது கையால். போலீசுக்குப் போனானா என்று கேட்பவர்கள் இந்த மலைக்குப் புதுசாக வந்தவர்களாகத்தான் இருப்பார்கள்.

மாதேஷின் இடத்துக்கு வந்த டிரைவர் கிங்ஸ்டன், ஷெர்லினின் தம்பி. ஷெர்லின் பெங்களூரில் ஒரு பெரிய ஹோட்டலில் ஒயின் பரிமாறிக்கொண்டிருந்தவள். அம்மா ஜெயமேரி படுக்கையில் விழுந்தபோது ஏற்காட்டுக்கு வந்தாள், அடக்கம் முடிந்த பிறகும் தம்பியைத் தனியாக விட்டுப் போக மனசு வரவில்லை. அந்தச் சமயத்தில் சந்திரசேகர் தன் பங்களாவைப் பணக்கார விருந்தாளிகளுக்குத் திறந்துவிட்டிருந்தார். ஒயின் தெரிந்த பெண் என்றதும் ஷெர்லினையும் வேலைக்கு எடுத்துக்கொண்டார். அவளை அவர் ஒருநாளும் அடித்ததில்லை. விருந்தாளிகள் முன்னால் போய் நிற்கிற முகம் வீங்கக்கூடாதில்லையா, அவ்வளவுதான் காரணம்.

அந்த ஆடி மாதத்தில் கோயமுத்தூரிலிருந்து ஒரு ஹோட்டல் கம்பெனிக்காரர்கள் பங்களாவைப் பார்க்க வருவதாக இருந்தது. கௌரி என்ற பெண் தலைமையில் மூன்று பேர், மத்தியானச் சாப்பாடு. அவர்களுக்குப் பிடித்துவிட்டால் பங்களாவைக் கூட்டாக நடத்துவார்கள். சந்திரசேகர் இதற்காகவே ஒரு நல்ல வெள்ளை ஒயினைச் சேலத்தில் சொல்லி வைத்து வரவழைத்தார். கிங்ஸ்டன் போய் எடுத்து வந்தான். கீழே இறங்கியவன் காலையில் திரும்ப வேண்டியது, சாயங்காலம்தான் வந்தான். கேட்டதற்கு டயர் பஞ்சர் என்றான்.

மறுநாள், விருந்து நாள் காலையில் ஷெர்லின் ஒயின் பெட்டியைத் திறந்தாள். எல்லாப் பாட்டிலிலும் கார்க் லேசாக மேலே தள்ளிக்கொண்டு நின்றது, கழுத்தைச் சுற்றிய உறைக்குள் பிசுபிசுவென்று கசிந்திருந்தது. ஒன்றைத் திறந்து முகர்ந்தாள். எலுமிச்சைத் தோலும் அப்போதுதான் வெட்டின புல்லுமாக மணக்க வேண்டிய ஒயின், அடுப்பில் மறந்துபோன ஆப்பிள் ஜாம் மாதிரி மணந்தது. சூட்டில் வெந்த ஒயின். அதைத் திரும்பப் பச்சையாக்க யாராலும் முடியாது.

கிங்ஸ்டனைச் சமையல்கட்டுக்குப் பின்னால் இழுத்துப் போய்க் கேட்டாள். அவன் மறைக்கவில்லை. அவன் மனைவி ஃபெபிக்குச் சேலம் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்திருந்தது. பார்த்துவிட்டு உடனே கிளம்பலாம் என்றுதான் போனானாம். ஆஸ்பத்திரி வாசலில் நிழலே இல்லை, ஜீப்பைப் பூட்டி வெயிலில் விட்டுவிட்டான்.

"கொழந்தை என் வெரலப் புடிச்சுக்கிச்சுக்கா. உடவே இல்ல."

ஷெர்லினுக்கு அவனை அறையவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. இரண்டையும் செய்யவில்லை. அந்த விரலைத்தான் பார்த்தாள். அந்த விரல் கதவிடுக்கில் இருப்பது கண்முன்னே வந்தது. வேலையில் இறங்கிவிட்டாள்.

வெள்ளை ஒயினுக்குக் குளிர் வேண்டும், ஆனால் அளவோடு. அளவு மீறினால் மணமெல்லாம் உள்ளே அடங்கிவிடும், நாக்கும் மரத்துப் போகும். நல்ல ஒயினை அப்படிக் குளிர வைப்பது அநியாயம் என்று பெங்களூரில் புதுப் பையன்களை அவளே திட்டியிருக்கிறாள். இன்றைக்கு அந்த அநியாயம்தான் அவளுக்கு வேண்டியிருந்தது. வாளியில் ஐஸைக் கொட்டி, தண்ணீர் ஊற்றி, கல்லுப்பைக் கை நிறைய அள்ளிப் போட்டாள். உப்பு விழுந்தால் ஐஸ் தண்ணீர் இன்னும் கொடூரமாகக் குளிரும். பாட்டில்களை அதில் கழுத்துவரை முக்கினாள். கிளாஸில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஊற்றுவது, சூடு ஏறுவதற்குள் குடித்து முடிக்கட்டும் என்று கணக்குப் போட்டாள்.

அடுத்தது சாப்பாடு. சமையல்காரர் சிங்கராயர் வாழையிலையில் மீனைச் சுற்றி ஆவிக்குத் தயாராக வைத்திருந்தார். ஒயின் கெடாமல் இருந்திருந்தால் அதைவிடப் பொருத்தம் கிடையாது. இந்த ஒயின் அந்த மீனுக்குப் பக்கத்தில் நின்றால் முதல் வாயிலேயே காட்டிக் கொடுத்துவிடும். சுட்ட வாசனை சுட்ட வாசனைக்குள்தான் ஒளியும். மீனை எடுத்து வைத்துவிட்டு, பன்றிக்கறியை எஸ்டேட் மிளகு போட்டுக் கருக வறுக்கச் சொன்னாள். கூடவே நெருப்பில் வாட்டிய அன்னாசி, உப்பில் வறுத்த முந்திரி. சிங்கராயர் சிடுசிடுத்தார். விஷயத்தைச் சொன்னாள். அவர் மீனை எடுத்து ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டுக் கறியை எடுத்தார்.

மத்தியானம் கிங்ஸ்டன் ஓட்டிய ஜீப்பில் வந்து இறங்கிய கௌரி, கிளாஸை அதன் மெல்லிய கீழ்த்தண்டில் பிடித்தாள். ஒயின் தெரிந்தவள்தான் என்று ஷெர்லினுக்கு உடனே புரிந்துவிட்டது. ஷெர்லின் தன் கையில் மடித்துப் போட்டிருந்த வெள்ளைத் துணியால் பாட்டிலைத் துடைத்து ஊற்றினாள். ஊற்றி முடித்ததும் துணியை மூன்றாக மடித்து மறுபடி கையில் போட்டுக்கொண்டாள். அது அவளுடைய பழக்கம், வீடே பற்றி எரிந்தாலும் அந்தத் துணி மூன்றாக மடியும். கௌரி ஒரு வாய் குடித்தாள், வறுவலைச் சாப்பிட்டாள், மறுபடி குடித்தாள். காரத்துக்கு இதமா இருக்குங்க என்று சிரித்தாள். சந்திரசேகரும் சிரித்தார். ஷெர்லினுக்கு மூச்சு வந்தது.

கெடுத்தது மூடுபனி. சேர்வராயன் மலைப்பக்கமிருந்து இறங்கிய பனி ஜன்னல் வழியாகக் கூடத்துக்குள்ளேயே வந்துவிட்டது. பங்களாவைப் பெருக்கித் துடைக்கிற அத்தாயிக்கு, பனி உள்ளே வந்தால் யாரும் சொல்லாமலே கணப்பை மூட்டிவிடுவது வழக்கம். வாளி கணப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது, அதனால் இன்றைக்கு மட்டும் மூட்டாதே என்று ஷெர்லின் அவளிடம் சொல்லி வைத்திருக்க வேண்டும். எல்லோரிடமும் எல்லாவற்றையும் சொன்னவள் இதை விட்டுவிட்டாள். அத்தாயி விறகை அடுக்கிப் பற்ற வைத்து, வெரைக்குதுங்களா சாமி, இப்படி நெருப்புக்கிட்ட வந்து உக்காருங்க என்று கௌரிக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள். அன்பாகத்தான் செய்தாள். கௌரி கிளாஸோடு போய் உட்கார்ந்தாள். தண்டை விட்டுவிட்டு, இந்த ஊரில் எல்லோரும் டீ டம்ளரைப் பிடிக்கிற மாதிரி, இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள். குடிக்கவில்லை, பேசிக்கொண்டே இருந்தாள்.

ஷெர்லின் கிளாஸை மாற்றித் தரட்டுமா என்று கேட்டுப் பார்த்தாள். இருக்கட்டும் என்றாள் கௌரி. வாளியில் ஐஸ் உருகிச் சரிகிற சத்தம் கேட்டது. பேச்சு ஓய்ந்ததும் கௌரி கிளாஸை மூக்கருகே கொண்டுபோய் நிறுத்தினாள். அப்படியே வைத்திருந்தாள்.

"ஏனுங்க, இந்த ஒயின் எங்கியோ வெயில்ல கெடந்துருக்குங்களே."

குற்றமாகச் சொல்லவில்லை. ஒயின் தெரிந்த யாரும் சொல்கிற வார்த்தைதான். சந்திரசேகர் மாறாத சிரிப்போடு, அப்படியா, விசாரிக்கிறேங்க என்றார். வாரைத் தளர்த்தினார். கடிகாரத்தைக் கழற்றித் தட்டுக்குப் பக்கத்தில், கண்ணாடி மேலே இருக்கும்படி வைத்தார். அஞ்சு நிமிஷத்தில் வருகிறேன் என்று பின்வாசல் வழியாகப் போனார். அத்தாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரமாக ஒதுங்கினாள்.

ஷெர்லின் பாட்டிலும் கையுமாகப் பின்னாலேயே ஓடினாள்.

பின்வாசலில் பனி அடைத்து நின்றது. ஜீப்பின் கதவு திறந்திருந்தது. பஞ்சரா, எந்தக் கடையில் ஒட்டினாய் என்று சந்திரசேகர் கேட்டுக்கொண்டிருந்தார். கிங்ஸ்டனுக்குப் பொய்யைத் தொடரத் தெரியவில்லை. ஒரு அறை விழுந்தது, உதடு கிழிந்தது. அடுத்தது வயிற்றில். மடிந்து விழப்போனவனை முடியைப் பிடித்து நிமிர்த்தி ஜீப்பில் சாய்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி சொன்னார்.

"கைய வை கண்ணு."

அவன் வைத்தான். ஷெர்லினால் நம்ப முடியாதது அதுதான். மாதேஷுக்காவது தெரியாது. இவனுக்குத் தெரியும், தெரிந்தும் வைத்தான். கதவிடுக்கில் இருந்த அந்தக் கை நகராதபடி சந்திரசேகர் மணிக்கட்டை அழுத்திப் பிடித்திருந்தார்.

"அவனில்லைங்க," என்றாள் ஷெர்லின். "நாந்தானுங்க பொட்டிய வெளிய வெச்சு மறந்துட்டேன். அடிக்கறதுன்னா என்னிய அடிங்க."

அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் இன்னொரு கையை வீசினார். புறங்கை காதில் பட்டு அவள் விறகுக் குவியலின் மேல் விழுந்தாள். ஒரு காதில் சத்தமே நின்றுபோனது. விழும்போதும் பாட்டிலை உயர்த்திப் பிடித்திருந்தாள், ஒரு சொட்டு சிந்தவில்லை. இத்தனை வருஷத் தொழில் அப்படி.

அக்கா விழுந்ததைப் பார்த்ததும்தான் கிங்ஸ்டனுக்கு உயிர் வந்தது. கையை உதறிப் பிடுங்கினான். சந்திரசேகர் அவனைத் தோளால் நெருக்கினார், அவனைப் பிடித்திருந்த அவருடைய கை கதவிடுக்கில் ஊன்றி நின்றது. இவ்வளவும் ஷெர்லினுக்கு நினைவிருக்கிறது. விறகிலிருந்து எழுந்ததும் நினைவிருக்கிறது. அடுத்து நினைவிருப்பது அவளுடைய இரண்டு கையும் ஜீப் கதவில் இருந்ததுதான். உடம்பின் கனத்தையெல்லாம் போட்டுச் சாத்தினாள்.

காய்ந்த சுள்ளி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். அவர் முதலில் கத்தவில்லை, ஆச்சரியத்தோடு அவளைப் பார்த்தார். அவள் கதவைத் திறந்தாள். அவர் கையை எடுப்பதற்குள் மறுபடி சாத்தினாள். முதல் முறை தம்பிக்காக. இரண்டாவது முறை தனக்காக. அது அவளுக்கு இனித்தது, அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதை பொய்யாகிவிடும்.

அப்புறம்தான் அவர் கத்தினார். கௌரியும் கூட வந்தவர்களும் ஓடிவந்தார்கள். கௌரி எல்லாவற்றையும் ஒரு பார்வையில் பார்த்தாள், கிழிந்த உதட்டை, வீங்கிய காதை, கதவிலிருந்து வழிகிற ரத்தத்தை. யார் வந்து கேட்டாலும் பார்த்ததைச் சொல்வேன் என்று மட்டும் ஷெர்லினிடம் சொன்னாள். கூட வந்த ஒருவர் ஒரு துண்டைக் கிழித்துச் சந்திரசேகரின் கைக்குக் கட்டுப் போட்டார். அவரை அதே ஜீப்பில் ஏற்றி, மூன்று பேரும் கூடவே ஏறிக்கொண்டார்கள். அந்தப் பனியில் மலைப்பாதையில் ஓட்டத் தெரிந்தவன் கிங்ஸ்டன் ஒருத்தன்தான். அவன் அழுதுகொண்டே வண்டியை எடுத்தான். போகும்போது அக்காவைப் பார்த்தான். அந்தப் பார்வையில் நன்றி இல்லை, பயம்தான் இருந்தது. பனிக்குள் ஜீப்பின் சத்தம் வளைவுக்கு வளைவு தேய்ந்து போனது.

ஷெர்லின் பின்வாசல் படியில் உட்கார்ந்தாள். அழுகை வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. சிங்கராயர் சமையல்கட்டிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்தார். முதலில் இருந்து கடைசி வரை ஜன்னலோரம் நின்று பார்த்தவர். ஒரு வார்த்தை தடுத்துச் சொல்லாதவர், இவ்வளவு வருஷமும் அப்படித்தான். தண்ணீரைக் கொடுத்துவிட்டு அவளுக்குப் பின்னால் எதையோ பார்த்தார்.

ஷெர்லின் திரும்பினாள். படியின் மூலையில், யாருடைய காலும் பட முடியாத இடத்தில், பாட்டில் நேராக நின்றிருந்தது. பக்கத்தில் வெள்ளைத் துணி, மூன்றாக மடித்து, ஓரத்தோடு ஓரம் சேர்த்து.

"இத யாருங்க இங்க வெச்சது?" என்று கேட்டாள்.

சிங்கராயர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"நீதான் கண்ணு. எந்திரிச்சே, பாட்டில ஓரமா வெச்சே, துணிய நிதானமா மடிச்சே. அப்பறந்தான் கதவுக்குப் போனே."

திறந்திருந்த கதவு வழியாகக் கூடம் தெரிந்தது. கணப்பு எரிந்துகொண்டிருந்தது. மேசையில், ஆறிப்போன கறித்தட்டுக்குப் பக்கத்தில், அந்தக் கடிகாரம் மல்லாக்கக் கிடந்தது. ஷெர்லின் அதைப் பார்த்தாள், துணியைப் பார்த்தாள். அதற்கப்புறம் தன் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.