எங்கள் வாசலில் சிவப்புப் புள்ளி

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. ஒரே வாரத்தில் எங்கள் வீட்டில் இரண்டு சங்கிலிப் பறிப்பும் ஒரு கத்திக்குத்தும் நடந்ததாகச் செய்தித் தளம் ஒன்றின் வரைபடம் காட்டியது. நடந்தது நான் வழுக்கி விழுந்தது மட்டும்தான். (விழவில்லை. சற்று வேகமாக உட்கார்ந்தேன்.)

2

“தலைமுறை தலைமுறையாகத் தலை குனியாத குடும்பம் ஒன்று...”

வேண்டாம். தற்புகழ்ச்சி. ‘நான்’ என்று எழுதினாலோ குடும்பம் சந்திக்கு வந்துவிடும். இனி நான் ‘பெரியவர்’. முதல் பத்தியை மறந்துவிடுங்கள்.

3

பெரியவரின் மருமகள் முன்னறையில் உட்கார்ந்து அந்தத் தளத்துக்குத்தான் வேலை பார்க்கிறாள். செய்தியைக் கணினி படித்து, இடத்தைக் கண்டுபிடித்து, வரைபடத்தில் புள்ளி வைக்கும். பிழையிருந்தால் இவள் திருத்துவாள்.

“ஏம்மா, ஊர்த் திருட்டெல்லாம் நம்ம வீட்லயா நடக்குது?”

“செய்தியில தெரு இல்லாம ஊர் பேரு மட்டும் இருந்தா, கம்ப்யூட்டர் ஊருக்கு நடுவுல புள்ளி வச்சிடுது மாமா. நடு நம்ம வாசல்ல விழுது. ஊருக்கே நடுநாயகமா நிக்குது நம்ம வீடுன்னு நீங்கதானே எல்லார்கிட்டயும் சொல்வீங்க?”

(பெரியவர் கம்பீரமாகப் பதில் சொன்னார் என்று எழுத ஆசை. உண்மையில் பெருமையில் அவர் மனம் கொஞ்சம் குளிர்ந்தது.)

4

இத்தோடு சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் மாடியில் என், அதாவது பெரியவரின், தங்கை குழந்தைகள் காப்பகம் நடத்துகிறாள். கணவர் போனபின் அவள் காலூன்றிய இடம் அது. வரைபடத்தைப் பார்த்துச் சில தாய்மார்கள் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள்.

“உங்க மானம் கிடக்கட்டும் அண்ணா. என் பிழைப்பு போகுது.”

பெரியவர் மருமகளிடம் திரும்பினார். “புள்ளிய நகத்தும்மா.”

“எங்க மாமா?”

“எதிர்வீட்டுக்கு.” (அந்த வீட்டோடு பேச்சுவார்த்தை இல்லை. காரணம் கதைக்கு வேண்டாம்.)

“அங்க அந்தப் பொண்ணு இப்பத்தான் தையல் கடை வச்சிருக்கா.”

“ஏரியில போடு.”

“போட்டோம். படகு ஓட்டுறவங்க போன் பண்ணித் திட்டுறாங்க.”

“ஊர் பூரா வட்டம் போட்டுடேன்!”

“ஊரே சிவந்துபோச்சு. ஆபீஸ்ல எடுக்கச் சொல்லிட்டாங்க.”

“அப்ப தெரு இல்லாத செய்திய எல்லாம் தூக்கிடு.”

“இப்ப ஒண்ணு வந்திருக்கு மாமா. குழந்தை ஒண்ணக் காணோமாம். அதுக்கும் தெரு இல்ல. தூக்கிடவா?”

5

முடிவு ஒன்று: பெரியவர் பெருந்தன்மையோடு புள்ளியைத் தன் வாசலிலேயே விடுகிறார். கேட்க அழகாக இருக்கிறது. விலை கொடுப்பவள் தங்கை.

முடிவு இரண்டு: எதிர்வீடு. எங்கள் வம்சத்தில் யாரும் இப்படி... (செய்தால் என்ன என்று ஒரு கணம் நினைத்தார். இருக்கட்டும்.)

முடிவு மூன்று: செய்தியை நீக்குவது. இதை எழுதத் தொடங்கும்போதே தங்கை படியிறங்கி வந்தாள்.

“அத மட்டும் எடுக்காதீங்க. நான் பிள்ளைங்களப் பாத்துக்கிறவ.”

“காணாமப் போன குழந்தைன்னு நம்ம வாசல்ல நிக்குமே! மிச்ச பேரும் போயிடுவாங்களே!”

“தெரியும்” என்றாள். மேலே ஒரு குழந்தை அழுதது. ஏறிப் போய்விட்டாள்.

அதற்குமேல் எனக்கு எழுத வரவில்லை. வரைபடம் திறந்தே இருக்கிறது. புள்ளியைப் பிடித்து நீங்களே இழுங்கள். எந்த வீட்டில் விடப்போகிறீர்களோ, விடுவதற்கு முன் அந்த வீட்டு அழைப்பு மணியை மட்டும் ஒருமுறை அடித்துவிடுங்கள்.